பழைய கம்பளிச் சட்டையில் ஒரு முயல்குட்டி

இடம்பெயர்ந்த குடும்பத்தின் இழப்புக்களைப் பதியும்போது காணி, வீடு, மாடு, நீர்ப்பம்பி என்று எழுதுகின்றோம். எந்தப் படிவத்திலும் இடம்பெறாத இழப்பு ஒன்றும் உண்டு. அறுவடைக் காலத்தில் அயலவருக்கு நெல்லும் மரக்கறியும் அள்ளிக் கொடுத்த கை, நிவாரண வரிசையில் வாங்கும் கையாகிவிடுகின்றது. உறவில் ஒரு பிள்ளை பிறந்தாற்கூட, "வெறுங்கையோடு எப்படிப் போவது?" என்று தாய்மார் பலர் போகாமலே இருந்துவிடுகின்றனர்.

அப்படிப்பட்டவர்கள் தம் கையாலேயே பின்னிக் கொடுக்கக்கூடிய முயல் பொம்மை ஒன்றைப் பற்றி இங்கு கூறுகின்றோம்.

நூலுக்குப் பணம் தேவையில்லை. 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் இலங்கைக்கு வந்த உடுப்புப் பொதிகளில் எமது வெயிலுக்கு உதவாத குளிர்நாட்டு உடுப்புக்களும் இருந்தன. அத்தகைய கம்பளிச் சட்டை ஒன்று கிடைத்தால் தையலைப் பிரித்து நூலை இழுத்தெடுங்கள். கதிரை முதுகில் சுற்றிக் கழியாகக் கட்டி, சவர்க்காரத் தண்ணீரில் அலசித் தொங்கவிட்டால் சுருள் நிமிர்ந்துவிடும். ஊசி இல்லையெனில் மூங்கிலைப் பென்சிலிலும் சற்று மெல்லியதாகச் சீவி, சிலாம்பு இல்லாமல் தேய்த்து, இரண்டு குச்சிகள் செய்துகொள்ளலாம்.

40 கண்ணிகள் போட்டு, எல்லா வரிசைகளையும் ஒரே நேர்ப்பின்னலாக 80 வரிசைகள் பின்னுங்கள். ஏறக்குறைய ஒரு சதுரம் கிடைக்கும். நெருக்கமாகப் பின்னுவது அவசியம். சதுரத்தின் நடுவே, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நூலோட்டம் போடுங்கள். அதன் இரு முனைகளிலிருந்தும் மேல் விளிம்பின் நடுப்புள்ளி வரை ஓட்டினால் முக்கோணம் அமையும். உள்ளே பஞ்சை வைத்து நூலை இறுக்கினால் முக்கோணம் தலையாகும். மேல் மூலைகள் இரண்டும் காதுகளாகும். கீழ்ப்பாதியை முதுகுப்புறம் மடித்துத் தைத்து, பஞ்சடைத்து, அடியைச் சுருக்கி மூடிவிடுங்கள்.

இலவம் பஞ்சு பின்னலின் கண்களால் வெளியே வரும். ஆகவே அதை மெல்லிய துணிப்பையில் இட்டுத் தைத்தபின் உள்ளே வையுங்கள். ஈரமானால் அது இலேசில் காயாது. கழுவிக் காயவைத்த துணித் துண்டுகள் இன்னும் நல்லவை.

பிள்ளையின் பாதுகாப்பில் கவனம் வேண்டும். கண்களுக்குப் பொத்தானோ மணியோ வைக்காதீர்கள். கழன்றால் தொண்டையில் சிக்கும். நூலாலேயே கண்களைத் தையுங்கள். கழுத்தில் நாடா கட்டவேண்டாம். மிக முக்கியமாக, முதல் ஒரு வருடம் பிள்ளை உறங்கும் ஏணையிலோ பாயிலோ இப்பொம்மையை வைக்கவேண்டாம், மூச்சை அடைக்கக்கூடும். பிள்ளை விழித்திருக்கையில், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் விளையாடக் கொடுங்கள். இதைப் பரிசு கொடுக்கும்போதே தாயிடம் சொல்லுங்கள்.

யோப்பா நகரில் தபித்தா இறந்தபோது, கைம்பெண்கள் அழுதுகொண்டே பேதுருவுக்குக் காட்டியவை அவள் தைத்துக் கொடுத்த உடைகளே என்று திருத்தூதர் பணிகள் 9ஆம் அதிகாரம் கூறுகின்றது. அவளுக்கு எவ்வளவு காணி இருந்தது என்று அங்கு எழுதப்படவில்லை.

மாதர் சங்கக் கூட்டத்தில் பின்னத் தெரிந்த ஒருவர் மற்றவர்களுக்குப் பழக்கிவிடலாம். அடுத்த பிள்ளை பிறக்கும் வீட்டுக்கு எவரும் போகாமல் இருக்கவேண்டாம்.