படத்தில் இடமில்லாத பட்டத்து ராணி

அறுபதினாயிரம் மனைவியரைக் கொண்ட தசரதன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஓர் அரசனுக்கு ஆறு மனைவியர் என்றால் நமக்கு அது பெரிய கணக்காகத் தோன்றாது. ஆனால், இங்கிலாந்தை 1509 முதல் 1547 வரை ஆண்ட எட்டாம் ஹென்றியின் கணக்கு வேறு விதமானது. ஒருத்தி மனைவியாக இருக்கையில் இன்னொருத்தியை மணக்க அவனுடைய சமயம் இடம் தரவில்லை. ஆகவே புதியவள் வரவேண்டுமானால் இருப்பவள் போயாக வேண்டும்!

அப்படித்தான் போனார்கள். இருவரை விலக்கி வைத்தான். இருவரின் தலையை வெட்டச் செய்தான். ஒருத்தி பிள்ளை பெற்ற 12ஆம் நாள் இறந்தாள். கடைசியாக வந்தவள் மட்டும் அவன் இறந்த பின்னும் உயிரோடு இருந்தாள்.

இந்த அரசனின் இல்லறக் கதையை 1933ஆம் ஆண்டில் படமாக எடுத்தார்கள். ‘தி பிரைவேட் லைஃப் ஆஃப் ஹென்றி தி எய்த்’ என்பது அதன் பெயர். எட்டாம் ஹென்றியின் அந்தரங்க வாழ்க்கை என்று பொருள். சுமார் ஒன்றரை மணி நேரம் ஓடும் கறுப்பு வெள்ளைப் படம். திரைப்படம் பேசத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது.

வந்தேறி எடுத்த படம்

ஆங்கிலேய அரசனைப் பற்றிய இந்தப் படத்தை எடுத்தவர் ஆங்கிலேயர் அல்லர் என்றால் வியப்பீர்கள். அலெக்சாண்டர் கோர்டா ஹங்கேரி நாட்டில் 1893இல் பிறந்தவர். புடாபெஸ்ட், வியன்னா, பெர்லின், ஹாலிவுட், பாரிஸ் என்று ஊர் ஊராகப் பிழைப்புத் தேடி அலைந்து, கடைசியில் லண்டன் வந்து சேர்ந்தார். அரண்மனைக் காட்சி அமைப்புகளைச் செய்தவர் அவருடைய தம்பி வின்சென்ட்.

அரசனாக நடித்தவர் சார்லஸ் லாட்டன். அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்குதான். ஹோல்பைன் என்ற ஓவியர் ஹென்றியை வரைந்த படம் உலகப் புகழ் பெற்றது. கால்களை அகல வைத்து, மார்பை நிமிர்த்தி நிற்கும் அந்த உருவம் அப்படியே உயிர் பெற்று வந்ததைப் போல லாட்டன் திரையில் வந்து நின்றார். அவருக்கு அமெரிக்க அகாடமியின் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. ஹாலிவுட்டுக்கு வெளியே எடுக்கப்பட்ட படம் ஒன்றுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. அமெரிக்கப் படங்களின் முன் தலையெடுக்க முடியாமல் இருந்த பிரிட்டிஷ் படத்தொழிலுக்கு இது புதுத்தெம்பு கொடுத்தது. ஊர் ஊராக அலைந்த கோர்டா 1942இல் ‘சர்’ பட்டம் பெற்றார்.

எழுத்தைப் பிரித்த ஊசி

படம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? அரண்மனைப் படுக்கையறையில் பணிப்பெண்கள் ஊசியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். படுக்கை விரிப்பில் பழைய ராணியின் பெயரெழுத்துப் பின்னப்பட்டிருக்கிறது. அதைப் பிரித்துவிட்டுப் புது ராணியின் எழுத்தைத் தைக்கிறார்கள். பழைய ராணி ஆன் போலின் இன்னும் சாகவில்லை. அதே காலையில்தான் அவள் தலை போகப் போகிறது!

வெளியே கொலைக்களத்தில் கூட்டம் கூடுகிறது, ஏதோ கூத்துப் பார்க்க வந்ததைப் போல. தலையை வெட்ட பிரெஞ்சுக்காரனை வரவழைத்தது ஏன், உள்ளூர்க்காரனுக்கு வேலை இல்லையா என்று இரண்டு கொலையாளிகளுக்குள் சச்சரவு. உள்ளே ஆன் போலின் கண்ணாடி முன் நின்று, தலையோடு தன் கூந்தலும் கலையாமல் இருக்குமா என்று வலையைச் சரி செய்கிறாள். சிரிப்பதா, அழுவதா என்று தெரியாமல் நாம் பார்த்துக் கொண்டிருக்கிறோம்.

அந்த ஆன் போலினாக நடித்தவர் மெர்ல் ஓபரான். சிறிய வேடம்தான். ஆனால் அதுவே அவரைப் புகழுக்கு அழைத்துச் சென்றது. அவர் 1911இல் பம்பாயில் பிறந்தவர். அவரை வளர்த்தவர் இலங்கையில் வேர் கொண்ட கலப்பினப் பெண்மணி. வெள்ளையர் அல்லாதவர் என்று தெரிந்தால் வாய்ப்புப் போய்விடும் என்ற காலம் அது. ஆகவே ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் பிறந்ததாகச் சொல்லி, தம் பிறப்பை வாழ்நாள் முழுவதும் மறைத்தார். 1979இல் அவர் மறைந்த பிறகே உண்மை பரவலாக வெளிவந்தது.

சிரிக்க வைக்கும் அரசன்

பிறகு படம் முழுக்க வேடிக்கைதான். அரசனின் கல்யாணங்களைப் பற்றிச் சமையற்கட்டில் பேசிப் பேசி மாய்கிறார்கள். நம் குழாயடிப் பேச்சு தோற்றுவிடும்! நான்காம் மனைவியான கிளீவ்ஸ் நாட்டு ஆன், அரசனுக்குத் தன்னைப் பிடிக்காமல் போக வேண்டும் என்று முகத்தைக் கோணிக் காட்டுகிறாள். முதலிரவில் இருவரும் சீட்டாடுகிறார்கள். அரசனின் பணமெல்லாம் அவள் கைக்குப் போகிறது. இந்த வேடத்தில் நடித்த எல்சா லான்செஸ்டர் லாட்டனின் உண்மை மனைவி. கோழியைக் கையால் பிய்த்துத் தின்று, எலும்பைத் தோளுக்குப் பின்னால் வீசிக்கொண்டே, ‘இந்தக் காலத்தில் மரியாதை செத்துவிட்டது’ என்கிற பொருளில் அரசன் அங்கலாய்க்கும் காட்சியைக் கண்டவர்கள் மறப்பதில்லை.

இளம் மனைவி கேதரின் ஹோவர்டு தனக்குத் துரோகம் செய்தாள் என்று கேட்டதும் அதே அரசன் குழந்தையைப் போல விம்முகிறான். முடிவில் தள்ளாத வயதில், ஆறாம் மனைவிக்குத் தெரியாமல் ஒரு துண்டு இறைச்சியைத் திருடித் தின்னும் கிழவனாக நம்மைப் பார்க்கிறான். ‘ஐயோ பாவம்’ என்று நமக்கே தோன்றிவிடுகிறது.

இங்கேதான் வாசகர்களே, நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். தலை போனவர்கள் மனைவிமார். நம் இரக்கத்தைப் பெற்றுக்கொண்டு போகிறவன் புருஷன்! படம் எடுத்தவர்களின் திறமை அது. அதில் மயங்காமல் இருப்பது நம் பொறுப்பு.

விடுபட்டவள்

படத்தில் ஐந்து மனைவியரே வருகிறார்கள். முதல் மனைவி எங்கே? அவள் மரியாதைக்குரிய பெண்மணி, ஆகவே அவள் கதையில் சுவையில்லை என்று தொடக்கத்தில் எழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கொட்டகையில் சிரிப்பொலி எழுவதற்காகச் செய்தது. ஆனால் உண்மையில் அவள் கதைதான் ஆறிலும் பெரியது.

அவள் பெயர் அராகன் கேதரின். ஸ்பெயின் அரசகுமாரி. ஹென்றியோடு சுமார் 24 ஆண்டுகள் வாழ்ந்தவள். 1513இல் அரசன் பிரான்சுக்குப் போருக்குப் போனபோது நாட்டைப் பொறுப்பேற்று நடத்தியவள் அவள்தான். ஸ்காட்லாந்துப் படை எல்லை தாண்டி வந்து தோற்றது அப்போதுதான். பல முறை கருவுற்றாள். 1511இல் பிறந்த ஆண் குழந்தை 52 நாளில் இறந்தது. தங்கியது 1516இல் பிறந்த மேரி என்ற பெண் ஒன்றே.

மகன் வேண்டும் என்று அரசன் அவளை விலக்கத் துணிந்தான். 1529இல் லண்டனில் விசாரணை நடந்தது. மன்றத்தின் நடுவே அவன் காலடியில் மண்டியிட்டு, நான் உமக்கு உண்மையான மனைவியாக இருந்தேன் என்று முறையிட்டாள் கேதரின். கண்ணகி வழக்குரைத்தது நம் நினைவுக்கு வரும். பிறகு எழுந்து வெளியே நடந்தாள். திரும்பத் திரும்ப அழைத்தும் திரும்பி வரவில்லை. போப்பாண்டவர் மணவிலக்குத் தர மறுத்ததால், 1534இல் இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தானே தலைவன் என்று சட்டம் செய்துகொண்டான் ஹென்றி. ஒரு நாட்டின் சமய வரலாறே திரும்பியது! கேதரினுக்கோ, பெற்ற மகளைப் பார்க்கவும் அனுமதி இல்லை. 1536 ஜனவரியில் தனிமையில் இறந்தாள். படம் தொடங்கும் கொலைக்களக் காட்சி அதே ஆண்டு மே மாதத்தில் நடந்தது.

ஆறாம் மனைவி கேதரின் பாருக்கும் படம் நியாயம் செய்யவில்லை. நச்சரிக்கும் பெண்ணாகக் காட்டப்படும் அவள், உண்மையில் கற்றவள். 1545இல் தன் பெயரிலேயே நூல் வெளியிட்டவள்.

மகன், மகள்

மகனுக்காக இத்தனை செய்தானே, என்ன ஆயிற்று? மூன்றாம் மனைவி ஜேன் சீமோர் உயிரைக் கொடுத்துப் பெற்ற எட்வர்டு ஒன்பது வயதில் அரசனாகி, 1553இல் பதினைந்து வயதில் இறந்தான். பிறகு மேரி ஆண்டாள். அவளுக்குப் பின் வந்தவள், தலை வெட்டுண்ட ஆன் போலினின் மகள் எலிசபெத். பெண்ணாகப் பிறந்ததால் தந்தைக்கு ஏமாற்றம் தந்த அந்தக் குழந்தை 1558 முதல் 1603 வரை 44 ஆண்டுகள் நாட்டை ஆண்டது.

பிறக்கும் பிள்ளை ஆணா பெண்ணா என்பது தந்தையின் உயிரணுவைப் பொறுத்தது என்று இன்று பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. ஹென்றிக்கு அது தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டாவதும் பெண் பிறந்தால் மருமகளைக் குத்திப் பேசும் வீடுகள் நம்மிடையே இல்லையா? பையனை மேலே படிக்க வைத்து, ‘பெண்ணுக்கு இது போதும்’ என்று நிறுத்துகிறவர்கள் இல்லையா?

இந்தப் படம் கிடைத்தால் பாருங்கள். லாட்டனின் நடிப்புக்காகவே பார்க்கலாம், மனம்விட்டுச் சிரிக்கலாம். பார்த்து முடித்ததும் உங்கள் வீட்டுப் பெண் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, படத்தில் இடம் கிடைக்காத அந்த முதல் ராணியின் கதையையும், யாரும் விரும்பாமல் பிறந்து நாடாண்ட மகளின் கதையையும் சொல்லுங்கள். பையனையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவனும் கேட்க வேண்டிய கதை அது.