மகப்பேற்றுக்குப் பின் அறுவை: அழகா, நலமா?

பிள்ளை பெற்ற தாயின் வயிற்றை அறுவைச் சிகிச்சையால் சீராக்க அரசாங்கம் பணம் கொடுக்கலாமா? 'அழகுக்கு ஆகும் செலவை அவரவரே ஏற்கட்டும்' என்பர் பலர். ஆயினும், இஃது அவ்வளவு எளிதில் முடியும் வினா அன்று.

கரு வளர வளர, வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் இரு தசைகளும் விலகி, அவற்றை இணைக்கும் சவ்வு நெகிழ்கின்றது. பெரும்பாலோர்க்குப் பேற்றுக்குப் பின் அவ்விடைவெளி குறைந்துவிடும், சிலர்க்கோ குறைவதில்லை. அத்தகையோர் சுமை தூக்க இயலாது இடுப்பு வலியால் வருந்துவதுண்டு. பால் வாளி சுமக்கும் பெண்ணுக்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும்.

ஆஸ்திரேலியாவில் இத்தகைய தாய்மார்க்குக் கிடைத்துவந்த மெடிகேர் உதவி 2016 ஜனவரியில் நிறுத்தப்பெற்றது. 2022 ஜூலையில் நிபந்தனைகளுடன் மீண்டும் வழங்கப்பெற்றது. தசை இடைவெளி 3 சென்டிமீட்டருக்குக் குறையாதிருத்தல் வேண்டும். வலியோ சிறுநீர்த் தொல்லையோ இருத்தல் வேண்டும். பயிற்சிச் சிகிச்சை பயன் தராதிருத்தல் வேண்டும். பேறு முடிந்து 12 மாதங்கள் கழிந்திருத்தல் வேண்டும்.

தோற்றத்தை மட்டும் கருதிய அறுவைக்குப் பொதுப்பணம் வேண்டா. உழைக்கும் ஆற்றலை மீட்கும் அறுவைக்கு அதனை மறுத்தலும் முறையன்று. அளந்து பார்த்து வழங்குவதே நேர்மை.

தாய்மார்களே! பேற்றுக்குப் பின் வலி நீடித்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மருத்துவரிடமோ தாதியிடமோ கூறுங்கள். பயிற்சியே முதற்படி, அறுவை கடைசிப் படி.