ஜனவரி 9-ம் நேட்டால் கரும்புத் தோட்டமும்

வெளிநாடுவாழ் இந்தியர் தினம் என்று ஜனவரி 9-ஆம் தேதியை நாம் கொண்டாடும்போது, அமெரிக்கக் கம்பெனிகளின் தலைமைப் பீடத்தில் அமர்ந்திருப்போரும், ஆண்டொன்றுக்குப் பதினாயிரம் கோடி டாலருக்கும் மேலாகத் தாய்நாட்டுக்கு வந்து சேரும் பணமுமே பிரதானமாகப் பேசப்படுகின்றன. இவை பெருமைக்குரியவை என்பதில் ஆட்சேபம் இல்லை. ஆனால், லக்ஷ்மிமால் சிங்வி தலைமையிலான குழுவின் சிபாரிசை ஏற்று 2003-இல் மத்திய அரசு தொடங்கிய இவ்விழாவுக்கு இந்தத் தேதி வாய்த்த காரணத்தை விசாரித்தால், அது நம்மை முதலில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கே இட்டுச் செல்லும். அந்நாட்டில் இருபது ஆண்டுகளுக்குமேல் வாழ்ந்து போராடிய காந்தியடிகள் பம்பாயில் வந்து இறங்கிய தினம் 1915-ஆம் ஆண்டு ஜனவரி 9.

சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்ததுமுதல், 1911-இல் ஆள்சேர்ப்பு நிற்கும்வரை, ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போய்ச் சேர்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர் சென்னை ராஜதானியைச் சேர்ந்தவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், உணவும் உறைவிடமும் போக, முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி, பின்பு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமலும், மறுபடி ஒப்பந்தத்தில் சிக்காமலும், சுதந்திரமாக வாழ விரும்பியவர்கள்மீது 1895-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று பவுன் வருடாந்தர வரியைச் சுமத்தியது. மூன்று பவுன் என்பது 60 ஷில்லிங். அதாவது முதலாண்டுக் கூலிக்காரனின் ஆறு மாதச் சம்பாத்தியம். பிற்பாடு, வயது வந்த பிள்ளைகளும் தனித்தனியே கட்டவேண்டும் என்றானபோது, கணவன், மனைவி, வளர்ந்த மகன், மகள் என நால்வர் உள்ள குடும்பத்தின் தலையில் பன்னிரண்டு பவுன் விழுந்தது. மக்களைத் தோட்டத்துக்கே திருப்பி விரட்டுவதற்கு இதைவிடச் சாமர்த்தியமான சூழ்ச்சி வேறென்ன வேண்டும்?

இந்த வரியை எதிர்த்துச் சுரங்கத்திலும் தோட்டத்திலும் வேலை நிறுத்தம் மூண்ட 1913-ஆம் ஆண்டு சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு, சிறையில் கண்ட சுரத்தோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறாம் வயதில் உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மை, ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். அதே ஆண்டில் அந்த வரி ரத்தாயிற்று.

வரி போயிற்றே தவிர, வாழ்வு எளிதாகிவிடவில்லை. வெள்ளையர் பள்ளிகளில் இடமில்லாத சமூகம், தானே பணம் திரட்டிக் கல்விச்சாலைகளை எழுப்பிக்கொண்டது. வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் பிரதிநிதியாக அங்கிருந்தபோது எடுத்த முயற்சியால் உருவாகி, 1929-இல் டர்பனில் திறக்கப்பட்ட சாஸ்திரி கல்லூரி அவ்வகையில் முக்கியமானது. டர்பன் பஸ் ஓட்டுநர் ஒருவரின் மகளான நவநீதம் பிள்ளையும், இந்தியச் சமூகத்தார் அளித்த நன்கொடையின் துணையோடு சட்டம் பயின்றவரே. 1967-இல் நேட்டாலில் சொந்தமாக வக்கீல் அலுவலகம் திறந்த வெள்ளையரல்லாத முதல் பெண் அவர். ருவாண்டா படுகொலைகளை விசாரித்த சர்வதேச நீதிமன்றத்தில் அவர் அங்கம் வகித்த அமர்வுதான், வன்புணர்ச்சியும் இனப்படுகொலைக் குற்றத்தின் அங்கமாகலாம் என்று 1998-இல் முதன்முறையாகத் தீர்ப்பளித்தது. பின்னர் 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையராகவும் விளங்கினார். கோடிகளில் அளக்கப்படும் சாதனைகளுக்கு இதை ஒரு படி மேலாகவே நான் வைப்பேன்.

இவ்வளவுக்கும், வம்சாவளியினருக்கு இந்தியா வழங்கும் ஓ.சி.ஐ. அட்டை வாக்குரிமை தருவதில்லை. விவசாய நிலம் வாங்கவும் இடம் கொடுப்பதில்லை. அதைப் பெறுவதற்கான பொதுவிதியும் கொள்ளுப்பேரன் தலைமுறையோடு நின்றுவிடுகிறது. 1860-இல் கப்பலேறியவருக்கு இன்றைய குழந்தை அதையும் தாண்டிய தலைமுறை. மொரீஷியஸ்வாசிகளுக்கு ஏழாம் தலைமுறைவரை இந்த உரிமையை நீட்டிப்பதாக 2024-இல் அறிவிப்பு வந்தது. வம்சாவளியை நிரூபிக்க ஆதாரமும் வேண்டுமே. பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம், உடம்பின் அங்க அடையாளம் என்று கூலிக்காரர்களை அன்று வரிசை எண்ணிட்டுப் பதிந்த கப்பல் பேரேடுகளே, பூர்விகத்தைத் தேடும் பேரப்பிள்ளைகளுக்கு இன்று கிடைக்கும் முதல் தஸ்தாவேஜு.