தாங்கி லோரியும் இறக்கும் பம்பும்

கோலசிலாங்கூரையடுத்த தென்னமாரம் தோட்டத்தில் 1917ஆம் ஆண்டில் வாணிப நோக்குடன் செம்பனை நடப்பட்டது. இந்நாட்டில் அதுவே முதல் முயற்சியாகும். இன்று சிலாங்கூர் ஆலைகளில் பிழியப்படும் எண்ணெய், தாங்கி லோரிகளில் ஏறி, 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என வழங்கிய கிள்ளான் துறைமுகத்தை நோக்கிச் செல்கிறது. அந்த லோரிகளை நம் மாணவர்கள் அன்றாடம் காண்கின்றனர். சிலருடைய தந்தையர் அவற்றை ஓட்டவும் செய்கின்றனர். ஆயினும், லோரியிலுள்ள எண்ணெய் எவ்வாறு இறங்குகிறது என்று வகுப்பில் கேட்டால், "பம்பு வைத்து இழுப்பார்கள், ஐயா" என்பதோடு விடை முடிந்துவிடுகிறது. அந்த 'இழுப்பார்கள்' என்ற சொல்லிலேதான் விளக்கம் வேண்டியிருக்கிறது.

பம்பு எதையும் இழுப்பதில்லை. அது தன்னுள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து இடம் உண்டாக்குகிறது. வெளியே உள்ள வளிமண்டலம் திரவத்தின் மேல் அழுத்தி, அதை அவ்விடத்துக்குத் தள்ளுகிறது. ஆகையால்தான் தண்ணீரை 10.3 மீட்டருக்கு மேல் உறிஞ்ச எந்தப் பம்பாலும் இயலாது. நடைமுறையில் ஆறு, ஏழு மீட்டர் கிடைத்தாலே பெரிது. கலைச்சொல் வகுத்தோர் இதற்கு 'எக்கி' என்று பெயரிட்டனர். எக்குதல் என்பது வயிற்றை உள்வாங்குதலையும் குறிக்குமாதலால், பெயர் பொருத்தமானதே. எனினும் தோட்டத்தில் எக்கி என்றால் கேட்பாரில்லை; பம்பு என்றே எழுதுகிறேன்.

எல்லாத் திரவத்துக்கும் பம்பு வேண்டும் என்பதுமில்லை. பிரிக்பீல்ட்ஸ் போன்ற நகர்ப்பகுதியில் ஒரு பெட்ரோல் நிலையத்தைப் பாருங்கள். தாங்கி நிலத்தடியில் இருக்கிறது. லோரி மேலே நிற்கிறது. குழாயை மாட்டித் திறந்தால் பெட்ரோல் தன் எடையாலேயே இறங்கிவிடும். ஓடும் பெட்ரோலில் நிலைமின்சாரம் சேருமாதலால் லோரியை மண்ணோடு கம்பியால் இணைப்பார்கள். ஆகவே கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்கவேண்டிய முதற் கேள்வி, கொள்ளும் தாங்கி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதே.

செம்பனை எண்ணெய்க்குக் கிடைக்கும் தாங்கிகள் பெரும்பாலும் உயரமானவை. அத்துடன் இந்த எண்ணெய் நம் நாட்டு வெப்பத்திலேயே பாதி உறைந்து, கூழ்போல் ஆகிவிடும் இயல்புடையது. உணவு எண்ணெய்களைத் தொகுதியாகக் கொண்டுசெல்வதற்கென 1987இல் வெளிவந்த அனைத்துலகக் கோடெக்ஸ் நெறிமுறை, செம்பனை எண்ணெயை ஏற்றி இறக்கும்போது 50 முதல் 55 டிகிரி சென்டிகிரேட் வெப்பம் இருக்கவேண்டும் என்கிறது. அதிலிருந்து பிரியும் ஓலினுக்கு 32 முதல் 35 டிகிரி போதும். கெட்டியான ஸ்டியரினுக்கோ 60 முதல் 70 வரை வேண்டும். அவசரப்பட்டுச் சூடேற்றினாலும் எண்ணெய் கெடும். நாளொன்றுக்கு 5 டிகிரிக்கு மேல் ஏற்றலாகாது என்பதும் அந்நெறிமுறையில் உண்டு.

இனிப் பம்பின் வகை. சுழலும் இறகுகளால் திரவத்தை வீசியெறியும் மையவிலக்குப் பம்பு, தண்ணீருக்கும் இளகிய எண்ணெய்க்கும் நல்லது, விலையும் குறைவு. ஆனால் திரவம் தடித்தால் அதன் வேகம் தளர்ந்துவிடும். காற்றை விழுங்கினாலோ வெறுமனே சுற்றும். பற்சக்கரப் பம்பு அப்படியன்று. ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அளவு எண்ணெயை அகப்பையால் மொண்டு ஊற்றுவதுபோல் தள்ளும். கெட்டியானதற்கு இதுவே ஏற்றது. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. முன்னே திருகு மூடியிருந்தாலும் இது தள்ளுவதை நிறுத்தாது. அழுத்தம் ஏறிக் குழாய் வெடிக்கும். ஆதலால் மிகையழுத்தத்தைத் தானே வெளிவிடும் காப்பு வால்வு இல்லாத பற்சக்கரப் பம்பை வாங்கவே கூடாது.

குழாயின் அகலத்தையும் கணக்கிட வேண்டும். 30,000 லிட்டரை அரைமணியில் இறக்க நிமிடத்துக்கு 1,000 லிட்டர் ஓடவேண்டும். 3 அங்குலக் குழாயில் இதற்கு வினாடிக்கு ஏறக்குறைய 3.7 மீட்டர் வேகம் தேவை. 4 அங்குலக் குழாயில் 2.1 மீட்டர் போதும். ஓர் அங்குலம் மிச்சம் பிடிக்கப் போய்ப் பெரிய பம்பு வாங்குவோர் பலர். உயர்வகுப்பு மாணவர்களுக்கு வட்டத்தின் பரப்பைக் கற்பிக்க இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியவில்லை.

ரப்பர்ப் பாலுக்கு வேறு நியாயம். பாலை அடித்துக் கலக்கினால் பம்புக்குள்ளேயே உறைந்துவிடும். ஆதலால் நெஞ்சு விரிந்து சுருங்குவதுபோல் மெல்லத் தள்ளும் சவ்வுப் பம்பையே நாடுவர். எண்ணெய்க்கும் பாலுக்கும் ஓர் ஒற்றுமையும் உண்டு: இரண்டுக்குமே செம்பும் பித்தளையும் பகை. செம்பு சிறிதளவு கலந்தாலும் எண்ணெய் விரைவில் சிக்குப் பிடிக்கும். ரப்பரும் நாளடைவில் சிதையும். பாலில் சேர்க்கும் அம்மோனியா அவ்வுலோகத்தை அரிக்கவும் செய்யும். பளபளக்கும் பித்தளைத் திருகைக் கண்டு மயங்காமல் துருவேறா எஃகைக் கேட்டு வாங்கவேண்டும்.

பம்பு ஓடும்போது லோரியின் மேல்மூடி திறந்திருக்கவேண்டும். அல்லது காற்றுவழியாவது வேண்டும். மூடிவிட்டால், எண்ணெய் வெளியேறிய இடத்தை நிரப்பக் காற்று வராது. அப்போது முன்னர்க் கூறிய அதே வளிமண்டலம் இரும்புத் தாங்கியையே காகிதப் பெட்டிபோல் நசுக்கிவிடும்.

இவை யாவினும் பெரிய கேடு, எண்ணெய் இறங்கிய பிறகு வருவது. லோரியை நிறையாகவும் வெறுமையாகவும் நிறுத்தே கணக்கு முடிப்பதால், அடியில் ஒட்டிய எண்ணெய் நட்டமாகக் காணும். அதை வழித்தெடுக்க ஒருவர் உள்ளே இறங்க நினைப்பது இயல்பே. அங்கே உயிர்வளி குறைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் புலப்படாது. இறங்கியவர் விழுந்ததைக் கண்டு பதறிக் குதிப்பவரும் உடன் மாள்வார். இந்நாட்டின் தொழிற்பாதுகாப்புத் துறை 2010இல் வெளியிட்ட அடைபட்ட இடங்களுக்கான நெறிமுறை, காற்றை அளந்து அனுமதிச் சீட்டுப் பெறாமல் எவரும் இறங்கலாகாது என்றும், வாயிலில் ஒருவர் காவல் நிற்கவேண்டும் என்றும் விதிக்கிறது. உயிர்வளி 19.5 விழுக்காட்டுக்குக் குறைந்தால் ஆபத்து.

எனவே லோரி வாங்கும்போதே தாங்கியின் அடி வாயை நோக்கிச் சாய்ந்திருக்கிறதா, வாய் மிகத் தாழ்ந்த இடத்தில் அமைந்திருக்கிறதா, வெப்பம் காக்கும் உறை உண்டா என்று பார்க்கவேண்டும். இம்மூன்றும் அமைந்து, எண்ணெயும் தக்க சூட்டில் இருந்தால் உள்ளே வழிப்பதற்கு மிஞ்சுவது மிகச் சொற்பமே.