கோழிக்கும் ஒரு ராத்திரி வேணும்

போன மழைக்காலத்தில் மரப்பட்டி வந்து நான்கு கோழிகளைக் கொண்டுபோயிற்று. அதற்குப் பயந்து கூட்டுக்குள் ஒரு எல்.இ.டி. பல்பை விடிய விடிய எரியவிட்டேன். மரப்பட்டி வரவில்லை. ஆனால் சில வாரங்களிலேயே கோழிகள் ஒன்றையொன்று கொத்தி இறகு பிடுங்கத் தொடங்கின. தீவனமோ இடமோ மாறவில்லை.

"கோளிக்கு ராத்திரி எதுக்குடே வெட்டம்? அதுக்கும் ஒறங்காண்டாமா?" என்றாள் அம்மை.

அம்மை சொன்னதுதான் அறிவியலும். பறவையின் மூளையில் பினியல் என்று ஒரு சின்னச் சுரப்பி உண்டு. இருட்டியதும் அது மெலடோனினைச் சுரந்து, 'ராத்திரி ஆச்சு' என்று உடம்பு முழுக்கத் தண்டோரா போடும். வெளிச்சம் பட்டால் சுரப்பு குறைந்துவிடும். நமக்கு இந்தச் செய்தி கண் வழியாகத்தான் போகிறது. கோழிக்கோ மண்டையோடு மெலிசு. பினியலே வெளிச்சத்தை நேரடியாக உணரும். கண்ணை மூடினாலும் தப்பிக்க முடியாது.

1968-இல் அமெரிக்காவில் சிட்டுக்குருவிகளின் பினியலை நீக்கி, முழு இருட்டில் வைத்துப் பார்த்தார்கள். விழிக்கும் நேரம், உறங்கும் நேரம் என்ற ஒழுங்கே அவற்றுக்கு இல்லாமல் போயிற்று. 2018-இல் டெல்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நம்மூர்க் காக்கைகளை இரவில் மங்கிய வெளிச்சத்தில் வைத்தார்கள். அவை தீனி குறைத்தன. தம் இறகைத் தாமே பிடுங்கின. வாசித்ததும் என் கோழிக்கூடுதான் ஞாபகம் வந்தது.

மருந்து கொடுத்துச் சரிக்கட்டலாமா? நார்அட்ரினலின் எலிக்கு மெலடோனினைக் கூட்டும். கோழிக்குஞ்சுக்கு அதையே குறைக்கும். ஆகவே மனுசனுக்கான மாத்திரைக் கணக்கு கோழிக்குச் செல்லாது. இருட்டுதான் மருந்து, காசும் இல்லை.

நீண்ட பகல் முட்டையைக் கூட்டும் என்பது உண்மை. அதனால்தான் பண்ணைகளில் 16 மணி நேரம் வரை வெளிச்சம் தருகிறார்கள். அங்கேயும் மீதி நேரம் இருட்டுதான். நாஞ்சில் நாட்டில் பகலின் நீளம் ஆண்டு முழுக்கச் சுமார் 12 மணி நேரம். கூடுதல் முட்டை வேண்டுமென்றால் விடியலுக்கு முன் ஓரிரு மணி நேரம் விளக்குப் போடலாம். தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். ராத்திரியில் 8 மணி நேர இருட்டில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் பல்பைக் கழற்றினேன். கூட்டைச் சுற்றி அரை அங்குலக் கம்பிவலை அடித்து, அடியில் கல் பாவினேன். மரப்பட்டியும் உள்ளே வர முடியவில்லை. கொத்தலும் மெல்ல அடங்கியது.

கோழி நம்முடையது, கழற்றிவிட்டோம். சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கு வந்து தங்கும் பறவைகளுக்கு யார் கழற்றுவது? அந்த நீர்நிலைகள் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. குளத்தோரம் வயல் வைத்திருப்பவர்களே, ராத்திரி வேலை முடிந்ததும் மோட்டார் ரூம் விளக்கை அணைத்துவிட்டுப் படுங்கள்.