ஆடையும் ஆக்கியோன் பெயரும்

நடைமேடை என்றதும் ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் நமக்குத் தாதர் நிலையந்தான் நினைவுக்கு வரும். ஆனால் இம்மாநகரில் வேறொரு நடைமேடையும் உண்டு. அதில் வண்டி வந்து நிற்பதில்லை. புத்தாடை புனைந்த மங்கையரும் இளைஞரும் வரிசையாக நடந்து வந்து, படக்கருவிகளின் முன் ஒரு கணம் நின்று, திரும்பிச் செல்வர். ஆடை அணிவகுப்பு என்பது அதுவே. அதற்கும் தாராவித் தமிழருக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவக்கூடும். தொடர்பு உண்டு, நெருங்கியதாகவே உண்டு.

ரயில்களுக்குக் கால அட்டவணை இருப்பது போல இவ்வணிவகுப்புகளுக்கும் ஒன்று உண்டு. நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் ஆகிய நான்கு நகரங்களிலும் அடுத்த கோடைக்குரிய மகளிர் ஆடைகளைச் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும், அடுத்த குளிர்காலத்துக்குரியவற்றைப் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலும் காட்டுகின்றனர். ஆடவர் உடைக்கு ஜனவரியும் ஜூனும் உரியவை. வணிகர் கண்டு தேர்ந்து, துணி வாங்கி, தைத்துக் கடைக்கு அனுப்ப ஆறு மாதமேனும் வேண்டும் அல்லவா? நம் நாட்டிலோ குளிரைவிடப் பண்டிகையும் திருமணமுமே பருவத்தை வகுக்கின்றன. இங்கே இத்தகைய விழா 2000-ஆம் ஆண்டில் தில்லியில் தொடங்கிற்று. 2006 முதல் லாக்மே ஆடை வாரம் மும்பையில் தனியே நடைபெறலாயிற்று. அதன் 25 ஆண்டு நிறைவு விழா 2025 மார்ச்சில் பாந்த்ரா-குர்லா வளாகத்தில் நிகழ்ந்தது.

அவ்வளாகத்துக்கும் தாராவிக்கும் இடையே ஓடுவது மித்தி ஆறு. அக்கரையில் ஆடை நடக்கிறது. இக்கரையில் ஊசியும் தோல் வெட்டும் கத்தியும் நடக்கின்றன. நம்மவர் பலர் தாராவிக்கு வந்த வரலாறே தோலோடு பின்னியது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடுவோர் இங்கே வந்து குடியேறினர். பதனிடும் தொட்டிகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. பையும் இடைவாரும் செய்யும் சிறு பட்டறைகளும், ஆயத்த ஆடை தைக்கும் பட்டறைகளும் இன்றும் உள. அவற்றில் இரவு பகலாகக் குனிந்திருப்போரின் பெயர் எங்கேனும் பொறிக்கப்படுகிறதா என்பதே நம் கேள்வி.

2025 ஜூன் 22 அன்று மிலான் நகரில் பிராடா நிறுவனத்தின் ஆடவர் அணிவகுப்பு நடந்தது. அதில் நடந்தோர் சிலரின் கால்களில் இருந்தவை நம் கோலாப்பூர்ச் செருப்பை அப்படியே ஒத்தவை. நிறுவனத்தின் குறிப்பிலோ அவை வெறும் தோல் செருப்புகள். கோலாப்பூர் என்ற சொல்லே இல்லை. அச்செருப்புக்கு 2019-இலேயே புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. மராட்டிய வணிகர் சங்கம் கண்டனக் கடிதம் எழுதவே, இந்தியக் கைவினையே தமக்கு ஊக்கம் தந்தது என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. வழக்கறிஞர் சிலர் தொடுத்த பொதுநல வழக்கை மும்பை உயர்நீதிமன்றம் ஜூலையில் தள்ளுபடி செய்தது. அவர்கள் பதிவு பெற்ற உரிமையாளர் அல்லர் என்பதே காரணம். பின்னர் டிசம்பரில், மராட்டிய, கர்நாடக அரசுகளின் தோல் தொழில் கழகங்களோடு பிராடா உடன்படிக்கை செய்துகொண்டது. அதன்படி 2,000 இணைச் செருப்புகள் இங்கேயே செய்யப்படும். விலை இணைக்கு ஏறத்தாழ 800 யூரோ. பதிவு என்ற காகிதத்தின் வலிமையை இதனால் உணரலாம்.

நம் சென்னையின் பெயரையே தாங்கிய கட்டத்துணியின் கதையும் அறியத்தக்கது. 1958-இல் அமெரிக்க இறக்குமதி வணிகர் வில்லியம் ஜேக்கப்சன், ஏற்றுமதியாளர் கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் கெஜம் ஒரு டாலராக அத்துணியை வாங்கினார். குளிர்ந்த நீரில் மெல்ல அலச வேண்டும் என்ற எச்சரிக்கை, அதை வாங்கி விற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய்ச் சேரவில்லை என்பர். சாயம் ஓடிற்று, வாங்கியோர் சினந்தனர். பிறகு, சாயம் ஓடுவதே இத்துணியின் சிறப்பு என்று விளம்பரம் செய்தனர், குறையே நாகரிகமாயிற்று! வணிகர் பெயர் நிலைத்தது, கடையின் பெயர் நிலைத்தது. தறியில் இருந்தவர் பெயரை எவரும் எழுதி வைத்திலர்.

நிழற்படக் கலையும் இப்பழிக்குத் தப்பவில்லை. 2008 ஆகஸ்டில் வோக் இந்தியா இதழ், ஏழை மக்களின் கையில் விலை உயர்ந்த பொருள்களைக் கொடுத்துப் படம் எடுத்து வெளியிட்டது. வெறுங்காலோடு நின்ற ஒருவர் கையில் ஏறத்தாழ 200 டாலர் பெறும் குடை. ஒரு மூதாட்டியின் இடுப்பிலிருந்த குழந்தையின் கழுத்தில் பெண்டி நிறுவனத்தின் துண்டு. ஒளியும் நிழலும் அழகாகவே அமைந்தன. ஆனால் குடைக்குப் பெயர் அச்சிட்டவர்கள் குடை பிடித்தவருக்குப் பெயர் அச்சிடவில்லை.

நல்வழி காட்டியோரும் உளர். 2023 மார்ச் 30 அன்று டியோர் நிறுவனம் நம் கேட்வே ஆப் இந்தியாவின் முன் அணிவகுப்பு நடத்தியபோது, அதன் வாயிலில் தொங்கிய மாபெரும் தோரணத்தை மும்பைச் சாணக்யா கைவினைப் பள்ளியினர் உருவாக்கினர் என்பதைப் பறைசாற்றியே நடத்திற்று. பெயர் சொன்னதால் டியோரின் பெருமை குன்றிவிடவில்லை.

ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் உரைக்க வேண்டியவற்றுள் நன்னூல் முதலில் வைப்பது ஆக்கியோன் பெயரை. பள்ளியில் படித்த அவ்விதி துணிக்கும் தோலுக்கும் பொருந்தும். தாராவி மறுசீரமைப்பு நடைபெறும் இந்நாளில், எந்தப் பட்டறை எங்கே இருந்தது, அதில் யார் என்ன செய்தார் என்பதற்குச் சான்று தேவைப்படும். ஆகவே அன்பர்கள் தம் வீட்டுத் தொழிலாளர் வேலை செய்யும் காட்சியைப் படம் எடுத்துப் பெயரும் ஆண்டும் இடமும் எழுதி வைப்பார்களாக. பட்டறைச் சீட்டிலும் பையின் உட்புறத்திலும் தம் பெயரைப் பொறிப்பார்களாக. ஊரில் காஞ்சிப் பட்டோ மதுரைச் சுங்குடியோ ஆக்கும் உறவினர் உடையோர், 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்படி அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்ளுமாறு அவர்களுக்குக் கடிதம் எழுதுவார்களாக. பெயர் பதியாதவருக்காகப் பிறர் தொடுத்த வழக்கு என்னவாயிற்று என்பதைத்தான் கண்டோமே!