குட்டி எடுப்பதற்கு முன்...

வீட்டு நாயை ஜோடி சேர்ப்பது சுலபம். ஆரோக்கியமான, சாதுவான குட்டிகளை உருவாக்குவது சுலபமல்ல.

"ஒரு முறையாவது அது தாயாக வேண்டாமா?" தில்லியிலோ புனேயிலோ, லாப்ரடார் பெட்டை வளர்க்கும் எவரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. கேட்பவர் பெரும்பாலும் அடுத்த தெருவில் ஆண் நாய் வைத்திருப்பவர். இரண்டும் ஒரே இனம், ஒரே நிறம். வேறென்ன பொருத்தம் பார்க்க வேண்டும்?

நிறையவே பார்க்க வேண்டும். குட்டி போட்டால்தான் பெட்டையின் உடம்பு நன்றாக இருக்கும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. கருத்தடை செய்த பெட்டைக்குத்தான் கருப்பையில் சீழ் கட்டும் ஆபத்து அநேகமாக நீங்குகிறது. ஆக, குட்டி எடுப்பது நாயின் தேவையல்ல, மனிதரின் ஆசை. பொறுப்பும் அவருடையதே.

முதல் பொறுப்பு, மறைந்திருக்கும் நோயைத் தேடுவது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற இனங்களில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருகிறது. துள்ளி ஓடும் நாயிடமும் அது இருக்கலாம், எக்ஸ்ரேதான் காட்டிக்கொடுக்கும். இரண்டு வயது முடிந்த பிறகு எடுக்கும் படமே நம்பகமானது. வம்சாவளிச் சான்றிதழ் பாட்டன், பூட்டன் பெயரைச் சொல்லுமே தவிர மூட்டுக்கு உத்தரவாதம் தராது.

மவுசை நம்புவதும் ஆபத்து. 2003இல் ஒரு செல்போன் விளம்பரத்தில் சிறுவனின் பின்னாலேயே ஓடிய பக் நாய் நாடெங்கும் பிரபலமாயிற்று. சப்பை முகம்தான் அதன் அழகு. அதுவே அதன் அவஸ்தையும். மூச்சுப் பாதை குறுகிய இந்த நாய்கள் வட இந்தியக் கோடையில் திணறிப்போகின்றன. மூச்சு வாங்கும் நாயைக் குட்டி போட விடாமல் நிறுத்துவதுதான் அந்த இனத்துக்குச் செய்யும் நன்மை.

அடுத்தது குணம். அச்சமும் சீற்றமும் ஓரளவு ரத்தத்திலேயே வருகின்றன. விருந்தாளியைக் கண்டு உறுமும் தாயிடமிருந்து சாதுவான குட்டிகளை எதிர்பார்க்க முடியாது. மீதியைக் கற்றுத் தருவது வீடு. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரை பார்ப்பதும் கேட்பதும் குட்டியின் மனதில் ஆழப் பதிகின்றன. குக்கர் விசில், குழந்தைகளின் கூச்சல், அந்நியரின் கை எல்லாம் அப்போதே பழக வேண்டும். எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைத் தாயும் உடன்பிறப்புகளும் கற்பிக்கின்றன. பல இடங்களில் 45 நாளிலேயே குட்டி கைமாறிவிடுகிறது. அந்தப் பாடம் பாதியில் நின்றுபோகிறது.

சட்டமும் இதையே சொல்கிறது. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. பெட்டைக்குப் பதினெட்டு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஓர் ஈற்று, ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. குட்டிகளை விற்கத் தொழிலாக வளர்ப்பவர் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

கணக்கில் வராத செலவுகளும் உண்டு. சினைக் காலம் சுமார் 63 நாள். பிரசவம் இரவில் நிகழலாம். சிக்கலானால் அறுவை சிகிச்சை. பிறந்த குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாது, குளிர்ந்தால் செத்துவிடும். பிறகு பூச்சி மருந்து, தடுப்பூசி. தடுப்பூசி தவறினால் பார்வோ வைரஸ் சில நாட்களிலேயே ஓர் ஈற்று முழுவதையும் வாரிக்கொண்டு போகக்கூடும். எட்டுக் குட்டிகளுக்கும் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் லாபமென்று பெரிதாக எதுவும் மிஞ்சாது.

கடைசியாக ஒரு கேள்வி. இரண்டு ஆண்டு கழித்து, வாங்கியவர் வேலை மாற்றலாகி நாயைக் கொண்டுவந்து நிறுத்தினால் மீண்டும் ஏற்றுக்கொள்ள முடியுமா? முடியாதென்றால் அந்த நாய்க்குத் தெருதான் கதி. ஜோடி தேடும் முன்பே இதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும்.